கூட யாருங்க?

கணபதி, கோவை
8-7-1996

அன்புள்ள பொற்கொடிக்கு,

அங்கப்பன் எழுதுவது. இங்கு நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ பயந்துகொள்வாய். அதனால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். நீ நன்றாக இருப்பதாகப் பிரியா போனில் சொன்னாள். நம் இரண்டு பேர் நலமும் இத்தனை வருஷமாக அவள் வழியாகத்தானே போய் வந்துகொண்டிருக்கிறது.

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் போகவில்லை. உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். சித்திரையிலிருந்தே வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். லேத் முன்னால் அரை நாள் நிற்க முடியவில்லை. வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறாகக் குடித்துத் தள்ளினேன். கடைசியில் முதலாளிதான் அதட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வயிற்றை ஸ்கேன் செய்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், விலாவுக்குள் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்தார்கள். ஈரலில் கட்டி. நல்ல கட்டி இல்லை. என்றைக்கோ வந்த மஞ்சள் காமாலை உள்ளேயே தங்கிச் செய்த வேலையாம். நீ நர்ஸ், உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கத்தி வைக்க முடியாத இடத்தில் இருக்கிறதாம். வேறு ஒரு வைத்தியம் இருக்கிறது என்றார் டாக்டர். தொடையில் சின்னதாகத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே ஒரு மெல்லிய குழாயை ஈரல் வரைக்கும் கொண்டுபோய், கட்டிக்குப் போகிற கிளையில் மருந்தை விட்டு, அந்தக் கிளையை அடைத்துவிடுவார்களாம். எனக்குப் புரியாமல் விழித்தேன். டாக்டர் நம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. “ஒரு காட்டுக்குக் கிணத்துத் தண்ணியும் பாயுது, வாய்க்கால் தண்ணியும் பாயுதுன்னு வெச்சுக்குங்க. பயிரு ரெண்டையும் குடிக்குது. களை மட்டும் கிணத்துத் தண்ணியவே குடிக்குது. கெணத்து மடைய அடைச்சுப்போட்டா களை காஞ்சுரும், பயிரு வாய்க்கால் தண்ணியில பொழச்சுக்கும்” என்றார். அவ்வளவுதான், தெளிவாகிவிட்டது.

ஆனால் எந்த மடை எங்கே பிரிகிறது, வாய்க்கால் தடையில்லாமல் ஓடுகிறதா என்று முன்னாலேயே படம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மற்றவர்களுக்கு உள்ளே சாய மருந்தை ஏற்றி ஏற்றி வழி தேடுவார்கள். எனக்குச் சிறுநீரகம் மந்தம், அவ்வளவு சாயம் தாங்காது. அதனால் காந்த ஸ்கேன் எடுத்து, வழியைப் படத்தில் பார்த்துவிட்டுத்தான் குழாயை விடுவேன் என்கிறார். அதற்காக ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார்.

அங்கே ஹுமேரா என்று ஒரு பெண். அந்த ரூமுக்குள் விடுவதற்கு முன்னால் வரிசையாகக் கேள்வி கேட்டாள். “நெஞ்சுல மெசின் வெச்சிருக்கீங்களாங்க? உடம்புல கம்பி, பிளேட்டு ஏதாவது இருக்குதுங்களா?” எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். “கண்ணுல எப்பவாச்சும் இரும்புத்தூள் உளுந்துதுங்களா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேத்காரனிடம் இதைக் கேட்பது மீனிடம் நனைந்தாயா என்று கேட்பது மாதிரி. ஆனால் அவள் சிரிக்கவில்லை. தூள் கண்ணில் தங்கியிருந்தால் காந்தம் அதை இழுக்குமாம், பார்வை போய்விடுமாம்.

உனக்கு நினைவிருக்கிறதா? பிரியா கைக்குழந்தை. நான் சாணைக்கல்லில் உளி தீட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பொறி வலது கண்ணில் புகுந்துவிட்டது. அலறிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு, என் தலையை மடியில் சாய்த்து, கண்ணில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டாய். பிறகு இமையைத் திருப்பிச் சேலைத் தலைப்பால் எடுத்தாய். “வந்திருச்சுங்க” என்றாய். நான் பார்க்கவில்லை. அது உண்மையிலேயே வந்துவிட்டதா, இல்லை என் அலறலை நிறுத்தச் சொன்னாயா? இதைத்தான் கேட்க வேண்டும். யோசித்து எழுது.

பிரியாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். முன்னால் இரண்டு கரு தங்கவில்லை. இப்போது ஏழு மாதம், ஓசூரில் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்றிருக்கிறார்கள். தெரிந்தால் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

இப்படிக்கு,
அங்கப்பன்


வெள்ளகோவில்
13-7-1996

பிரியா அப்பாவுக்குப் பொற்கொடி எழுதிக்கொண்டது.

கடிதம் நேற்று வந்தது. நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு இன்று எழுதுகிறேன்.

தூள் வந்துவிட்டது. நொய்யரிசியில் பாதி இருக்கும், கறுப்பாக இருந்தது. மேல் இமையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணுக்குள் இறங்கவில்லை. உங்களிடம் காட்டவும் காட்டினேன். நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு “ம்” என்றீர்கள். இன்றைக்கு எவளாவது கண்ணில் தாய்ப்பால் விட்டால் நானே திட்டுவேன். அன்றைக்கு நான் நர்ஸும் இல்லை, எனக்கு வேறு வைத்தியமும் தெரியாது. நீங்கள் போட்ட கூச்சலில் பிள்ளை ஒரு பக்கம் அழுதது, நீங்கள் ஒரு பக்கம் அழுதீர்கள். நான் யாரைப் பார்ப்பேன்?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் விசாரித்தேன். “கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சுபோகுது, இதுக்கு யாரும் யாரையும் கேக்க மாட்டாங்களே” என்றார். உங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். அன்றைக்கே எடுத்திருப்பார்கள். எனக்கு ஒரு கடிதம் எழுத உங்களுக்கு இரும்புத்தூள் வேண்டியிருந்ததா?

கோபத்தில் எழுதவில்லை. சரி, கோபத்தில்தான் எழுதுகிறேன். சித்திரையிலிருந்து கனம் என்கிறீர்கள். இப்போது ஆனி முடியப்போகிறது. இங்கிருந்து கோவைக்கு இரண்டரை மணி நேரம் பஸ். சிங்கப்பூரிலா இருக்கிறேன்?

கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, ஈரலின் எந்தப் பக்கம், வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்று எழுதுங்கள். டாக்டர் சொன்ன வாய்க்கால் ஈரலுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாய். அது திறந்திருந்தால்தான் இந்த வைத்தியம். அதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். உப்பைக் குறையுங்கள். ஊறுகாயை நிறுத்துங்கள், அதுதான் உங்களுக்குப் பெரிய பத்தியம் என்று எனக்குத் தெரியும். பட்டறைக்காரர்களோடு சனிக்கிழமை சாயங்காலம் போவது இன்னும் உண்டா? உண்டு என்றால் இன்றோடு விடுங்கள்.

பிரியாவிடம் சொல்ல மாட்டேன். நேற்று அவள் பேசியபோதுகூட நன்றாகத்தான் பேசினேன்.

பொற்கொடி


கணபதி, கோவை
19-7-1996

அன்புள்ள பொற்கொடிக்கு,

பிடித்துவிட்டாய். எக்ஸ்ரே அன்றைக்கே எடுத்தார்கள். கண் சுத்தமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியில் நின்றுபோனது. இரும்புத்தூளில் ஆரம்பித்தேன், ஓடியது. அவ்வளவுதான் விஷயம். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு வருஷமாகவே இல்லை. ஊறுகாய் பற்றி எதுவும் கேட்காதே.

நேற்று ஸ்கேன் முடிந்தது. பெல்ட், வாட்ச், சாவி, இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஒரு பாவாடை மாதிரி எதையோ கட்டிவிட்டார்கள். ஒரு பெரிய குழாய்க்குள் என்னைத் தள்ளினார்கள். சத்தம் பயங்கரமாக இருக்கும், பயப்படாதீர்கள் என்று ஹுமேரா முன்கூட்டியே சொன்னாள். தகரக் கொட்டகை மேல் நாலு பேர் சம்மட்டியால் அடிக்கிற சத்தம். முப்பது வருஷமாகப் பட்டறையில் கிடப்பவனுக்கு அது தாலாட்டு, கொஞ்சம் தூங்கியும் போனேன். நடுநடுவே ஸ்பீக்கரில் அவள் குரல் வரும். “மூச்ச இழுத்துப் புடிங்க... விடாதீங்க... இப்ப உடுங்க.” ஈரல் ஆடாமல் இருந்தால்தான் குழாய்களின் படம் தெளிவாக விழுமாம்.

கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்திருந்தார்கள். பயமாக இருந்தால் அமுக்க வேண்டும். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுபோனது, அவள் குரலும் வரவில்லை. மூக்குக்கு மேல் ஒரு முழம்கூட இடம் இல்லை. வெளியே ஆள் இருக்கிறார்களா, எல்லாரும் போய்விட்டார்களா என்று தெரியவில்லை. அமுக்கிவிட்டேன். உடனே ஓடிவந்து, “என்னங்கய்யா, பயமா இருக்குதுங்களா?” என்றாள். “இல்லைங்க அம்மணி, சும்மாதான் அமுக்கிப் பார்த்தேன்” என்றேன். அவள் என் காலில் கை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நீ கேட்டவை: கட்டி இரண்டு, இரண்டும் வலது பக்கம். பெரியது எலுமிச்சம்பழம் அளவு. நீர் கோக்கவில்லை. பெரிய குழாய் பற்றி அடுத்த வாரம் டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்வார்.

இன்னொரு சிக்கல். எங்கே போனாலும் முதல் கேள்வி, “கூட யாருங்க?” சீட்டு வாங்குமிடத்தில் கேட்கிறார்கள், ரத்தம் எடுக்குமிடத்தில் கேட்கிறார்கள். இந்த வைத்தியத்துக்குக் கையெழுத்துப் போடவும், ராத்திரி பக்கத்தில் இருக்கவும் சொந்தத்தில் ஒருவர் வேண்டுமாம். வீட்டு ஓனர் பஷீர் பாய் நான் வருகிறேன் என்கிறார். அவரை அண்ணன் என்று சொன்னால் எழுதுகிறவர் என் பெயரையும் அவர் பெயரையும் மாறி மாறிப் பார்ப்பார். பெருந்துறைத் தங்கச்சியின் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் கிடக்கிறார், அவளைக் கூப்பிட்டால் பாவம். “யோசிச்சுச் சொல்றனுங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

யோசித்ததில் ஒன்று தோன்றியது, எழுதிவிடுகிறேன். சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்குச் சமாதானம் என்று ஒரு வழி இருக்கிறது. நாம் சண்டையே போடவில்லையே. உனக்கு வெள்ளகோவிலுக்கு மாற்றல் வந்தது. ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்றாய். நான் வாராவாரம் வந்தேன், பிறகு மாசாமாசம் வந்தேன், பிறகு ஒரு தீபாவளிக்கு ஓவர்டைம் இருந்தது. நீயும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நானும் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை. எதைப் பேசிச் சமாதானம் செய்வது? இதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. ஓடு தடதடக்கிறது.

அங்கப்பன்


வெள்ளகோவில்
24-7-1996

பிரியா அப்பாவுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ரப்பர் உருண்டை வரும் இடத்தை மட்டும் இன்னும் ஒரு தரம் படித்தேன்.

ஏன் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். எங்கள் அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் களை வெட்டினாள். கூலியை இடுப்பு உயரத்திலிருந்து கையில் போடுவார்கள், தொட்டுவிடக் கூடாது என்று. எங்கள் தெருவிலிருந்து கவர்மென்ட் வேலைக்குப் போன முதல் பொம்பளை நான். இன்று அதே வீடுகளில் “வாங்க நர்ஸம்மா” என்று கட்டில் போட்டு உட்கார வைக்கிறார்கள், அவர்கள் பேரனை முதலில் தூக்குவது என் கை. வேலையை விட்டுவிட்டு வா என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் ஏன் வரவில்லை என்று நான் கேட்டால், நீ வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். அதனால் கேட்கவில்லை. கேட்காமல் இருந்து இருந்து, கேட்க வாய் வராமலே போய்விட்டது. ஏழெட்டு வருஷமாக ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் பிரசவம் என்றுதான் எழுந்து போகிறேன். நீங்களாக இருக்கும் என்று நினைப்பதை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அது கிடக்கட்டும். “யோசிச்சுச் சொல்றேன்” என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வந்தீர்களே, என்ன யோசித்தீர்கள்? பஷீர் பாய் நல்ல மனிதர், அவருக்கு என் சலாம். ஆனால் கட்டின பொண்டாட்டி உயிரோடு இருக்கும்போது கையெழுத்துக்கு ஊரெல்லாம் ஆள் தேடுகிறீர்களே, இது உங்களுக்கே அடுக்குமா?

எனக்கு லீவு நிறைய இருக்கிறது. யாருக்காகவும் எடுத்ததில்லை, அப்படியே கிடக்கிறது. ஆனால் அழைக்காமல் வந்து நிற்க எனக்கு வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், வீம்பு என்றாலும் சரி. ஒரு வரி எழுதுங்கள். “வா” என்று எழுதினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

குழாய் விட்ட பிறகு காலை நீட்டி அசையாமல் படுத்திருக்க வேண்டும். யாராவது பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுக்க வேண்டும். அதற்காகவாவது எழுதுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பொற்கொடி


கணபதி, கோவை
3-8-1996

அன்புள்ள பொற்கொடிக்கு,

நல்ல சேதி. எல்லாம் முடிந்துவிட்டது!

உன் கடிதம் வருவதற்குள் டாக்டர் அவசரப்பட்டுவிட்டார். பெரிய குழாய் நன்றாகத் திறந்து ஓடுகிறது, படம் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கிறது, தாமதிக்க வேண்டாம் என்றார். வியாழக்கிழமை காலையில் சேர்ந்தேன். பஷீர் பாய் கையெழுத்தையே ஒத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. சாயங்காலமே ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டேன். வருகிற வழியில் ரொட்டிக்கடையில் இரண்டு புரோட்டா சாப்பிட்டேன் என்றால் பார்த்துக்கொள். இன்று பட்டறைக்கும் போய்விட்டு வந்தேன். நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்து ஷாஃப்ட் அளவு பார்க்கிற வேலை.

அதனால் நீ லீவு எதுவும் போட வேண்டாம். உனக்கு அங்கே தலைக்கு மேல் வேலை இருக்கும். அந்த லீவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பிரியாவுக்குப் பிள்ளை பிறந்ததும் போடு, தாய்க்கும் பிள்ளைக்கும் உதவும். அப்போது நானும் ஓசூருக்கு வருகிறேன். மூன்று பேரும், இல்லை நான்கு பேரும், அங்கே பார்த்துக்கொள்வோம்.

உன் வேலை பற்றி நீ எழுதியது முழுவதும் சரி. நீ நர்ஸம்மா என்று பட்டறையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்காது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். இனி அடிக்கடி எழுத வேண்டியதில்லை, கடுதாசிக்குக் கடுதாசி பதில் போட்டுக்கொண்டிருந்தால் உன் வேலை கெடும். பிரியா வழியாகவே சேதி போகட்டும்.

அன்புடன்,
அங்கப்பன்


கணபதி, உங்கள் வீடு
14-8-1996, புதன், காலை

பிரியா அப்பாவுக்குப் பொற்கொடி எழுதிக்கொண்டது.

பஷீர் பாய் வீட்டு ஜாஹிதா அக்கா பட்டறைப் பக்கமாக ரேஷன் கடைக்குப் போகிறார். இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

உங்களுக்குப் பொய் சொல்ல வராது, தெரியுமா? ஈரலுக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டு யாரும் அன்றைக்குச் சாயங்காலம் புரோட்டா சாப்பிட மாட்டார்கள். அன்று ராத்திரி காலை மடக்கவே விட மாட்டார்கள். பிறகு நாலைந்து நாளைக்குக் காய்ச்சல், வாந்தி, வலி. அதைக்கூட எழுதாமல் எறும்பு கடித்த மாதிரி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நர்ஸுக்குப் பொய் எழுதுகிறவர் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு எழுத வேண்டாமா?

போன புதன்கிழமையே வந்தேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வியாழக்கிழமை சேர்ந்தவர்களில் உங்கள் பெயர் இல்லை. சிஸ்டர் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். “நீங்க அங்கப்பனுக்கு என்ன வேணுங்க?” என்று டாக்டர் கேட்டார். “சம்சாரமுங்க” என்றேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு நான் அப்படி நாற்காலி போட்டிருக்கிறேன், எதற்குப் போடுவேன் என்று எனக்குத் தெரியும்.

காந்தப் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். பெரிய குழாய்க்குள் கட்டியின் வேர் புகுந்து அடைத்திருக்கிறது. “வாய்க்காலே அடஞ்சு கெடக்குதுங்க. இனிக் கெணத்து மடையையும் அடைச்சா ஈரல் மொத்தமும் போயிருமுங்க. இந்தப் படம் எடுக்காம குழாய உட்டிருந்தா அன்னைக்கே ஆபத்தாயிருக்கும்” என்றார். உங்களிடமும் இதையே சொன்னாராம். வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம் என்றாராம். நீங்கள், “என்ற சம்சாரத்தோட வாரனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனீர்களாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்து எனக்கு நல்ல சேதி என்று எழுதியிருக்கிறீர்கள்.

அன்றைக்கே உங்களிடம் வந்திருப்பேன். ஆனால் வந்திருந்தால் தெருவே கூடுகிற மாதிரி சண்டை போட்டிருப்பேன், அவ்வளவு ஆத்திரம். பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா யாரென்றே தெரியாமல் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு ஊருக்குப் போய், நிறை மாதமாக இருக்கிற பெண்களையெல்லாம் காங்கயத்து நர்ஸிடம் ஒப்படைத்தேன். லீவு எழுதிக் கொடுத்தேன். இருக்கிற லீவு முழுவதும். “எப்போ வருவீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். தெரியாது என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

என் வேலையை நினைத்துத்தான் என்னை வரவிடாமல் செய்தீர்கள். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷமும் நீங்கள் எனக்காக யோசித்தீர்கள், நான் உங்களுக்காக யோசித்தேன், இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்தே தொலைந்துபோனோம். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, அது போகாது. பயமும் இருக்கிறது. உங்களுக்கும் ராத்திரியில் பயமாக இருக்கும். அதைச் சொல்ல ஆள் இல்லாமல்தானே புரோட்டாவைப் பற்றி எழுதினீர்கள்?

டாக்டர் கைவிரித்தது கட்டிக்கு மட்டும்தான். வலிக்கு மருந்து இருக்கிறது, வீக்கத்துக்கு இருக்கிறது, தூக்கத்துக்கு இருக்கிறது. எதை எப்போது கொடுப்பது என்று நேற்று மறுபடியும் வந்து அவரிடம் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். இந்த வேலை எனக்குத் தெரியும். ஊரில் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். பிரியாவிடம் பிள்ளை பிறக்கும்வரை சொல்ல வேண்டாம். அதுவரை சொல்ல வேண்டிய பொய்யை நான் சொல்லிக்கொள்கிறேன், உங்களை நம்பி விட முடியாது.

பாய் வீட்டிலிருந்த மாற்றுச் சாவியை வாங்கித் திறந்து வீட்டைப் பார்த்தேன். கரண்டிகளைக்கூட அளவு வாரியாக ஆணியில் மாட்டியிருக்கிறீர்கள். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி ஜாஹிதா அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன், கத்தாதீர்கள். கொள்ளுப் பருப்பு கடைந்து, ரசம் வைத்திருக்கிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வெயிலில் நடக்க வேண்டாம், ஆட்டோவில் வாருங்கள்.

“வா” என்று நீங்கள் எழுதவே இல்லை. நானும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, வந்துவிட்டேன்.

வந்ததும் வாசலில் நின்று சட்டைப் பையில் சாவியைத் தேடாதீர்கள். கதவை உள்ளே தாழ் போட்டிருக்கிறேன். தட்டுங்கள், நான் வந்து திறக்கிறேன்.

பொற்கொடி